சேற்றில் பூத்த ஓணம்

பெரியாறு வீட்டுக்குள் வந்து போன ஆண்டில், கேரளத்தின் நெசவாளர் ஊர் ஒன்று பண்டிகையைக் கைவிடவில்லை, அளவைத்தான் குறைத்துக்கொண்டது.

பூட்டு திறந்துகொண்டது, கதவு திறக்கவில்லை. ஒரு வாரம் தண்ணீரில் ஊறிய பலகை, நிலையோடு இறுகிக் கிடந்தது. ஆட்டோ ஓட்டுநரான வீட்டுக்காரர் தோளால் மூன்று முறை இடித்த பிறகு ஒரு ஜாண் விலகியது. அந்த இடைவெளி வழியே முதலில் வந்தது நாற்றம். பின்னாலேயே, கூழ் பதத்தில், சேறு.

2018 ஆகஸ்ட் 23. திருவோணத்துக்கு இரண்டே நாள் இருந்தது.

உள்ளே எதுவும் விட்டுப்போன இடத்தில் இல்லை. குளிர்பதனப் பெட்டி மிதந்து போய்க் கட்டிலின் மேல் மல்லாந்து படுத்திருந்தது. அரிசிப் பானை முளைவிட்டிருந்தது. குழந்தைகளின் பாடப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகியிருந்தன. சுவரில், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு பழுப்புக் கோடு: தண்ணீர் நின்ற மட்டம். பாம்பு இருக்கலாம் என்று ஒரு கழியால் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெண்களை உள்ளே விட்டார்கள். எழுபதைத் தாண்டிய அச்சம்மா, அதாவது வீட்டுக்காரரின் தாய், எல்லாவற்றையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி மருமகளைக் கோபம் கொள்ளச் செய்தது.

“நாளைக்கு உத்திராடம். பூவுக்கு என்ன செய்யப் போகிறோம்?”

“அம்மே, நிற்க இடமில்லை, உங்களுக்குப் பூக்களமா?”

அந்த வாரம் கேரளத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே வாக்குவாதம் நடந்திருக்கும். அரசு தன் பங்குக்கு ஓண விழாக்களை முன்பே ரத்து செய்துவிட்டிருந்தது. விழாவை ரத்து செய்யலாம். பண்டிகையை யார் ரத்து செய்வது என்பதுதான் சிக்கல். ‘காணம் விற்றும் ஓணம் உண்ணணும்’ என்பது மலையாளப் பழமொழி. நிலத்தை விற்றாவது ஓண விருந்து சாப்பிட வேண்டும் என்று பொருள். அந்த ஆண்டு விற்பதற்கு இருந்ததையும் ஆறு கொண்டுபோயிருந்தது.

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 19ஆம் தேதிக்குள் கேரளத்தில் வழக்கமாகப் பெய்வது சுமார் 287 மி.மீ. மழை. 2018இல் பெய்தது சுமார் 758 மி.மீ. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அதன் ஐந்து மதகுகளும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டதை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பெரியாற்றங்கரையில் இருந்தவர்கள் அதை வாசலில் பார்த்தார்கள். நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15இல் மூடப்பட்டு 29ஆம் தேதிதான் திறந்தது. மாநிலம் முழுவதும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் நிவாரண முகாம்களுக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் சேந்தமங்கலத்துக்காரர்களும் உண்டு. நாமக்கல் மாவட்டத்திலும் ஒரு சேந்தமங்கலம் இருப்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும், இது வேறு. எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பறவூரை அடுத்து, ஆறுகளும் உப்பங்கழிகளும் சிறு குன்றுகளும் பின்னிக் கிடக்கும் ஊர். சாலக்குடி ஆறு பெரியாற்றில் கலப்பது இதன் அக்கம்பக்கத்தில்தான். கொச்சி மன்னர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தலைமை அமைச்சர்களைத் தந்த பாலியத்து அச்சன்களின் அரண்மனை இங்கே இருக்கிறது. யூதர்களின் தொழுகைக் கூடம் இருக்கிறது. அதன் முன்னே நிற்கும், 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேய எழுத்துகளைத் தாங்கியது. தொழுதவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்; கூடம் இப்போது அருங்காட்சியகம். கோயில் சங்கும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும் தூரத்திலேயே ஒரு காலத்தில் யூதர்களின் கொம்பொலியும் கேட்டது என்பது ஊரார் பெருமை.

வெள்ளம் இந்த நிலத்துக்குப் புதிதல்ல. அருகிலுள்ள பட்டணம் கிராமத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வில் ரோமானிய ஜாடிகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்தன. அகநானூறு பாடும் முசிறித் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்கள் நின்ற அந்தத் துறையை 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் மணல் மூடிச் செய்து, கொச்சித் துறைமுகத்துக்கு வாய் திறந்துவிட்டது என்பது நெடுநாளைய கருத்து. 1924 வெள்ளத்தை மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அந்தப் பெயர். அச்சம்மா அதைத் தன் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 2018 ஆகஸ்ட் 16 இரவு, கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகில் அவரைத் தூக்கி உட்காரவைத்தபோதும், “என் அம்மா சொன்ன வெள்ளத்தில் இவ்வளவு இல்லை” என்று ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த நாட்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தங்கள் படகுகளோடு ஊர் ஊராகப் போய் மீட்டவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 65,000 என்று மாநில அரசு கணக்கிட்டது.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பங்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் பாய். கழிப்பறைக்கு வரிசை, தேநீருக்கு வரிசை, கைபேசிக்கு மின்னூட்டம் செய்ய வரிசை. பெரியவர்களுக்கு நரகம், பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரி பள்ளிக்கூடத்திலேயே தூங்கலாம், ஆனால் பாடம் கிடையாது என்ற ஏற்பாட்டை அவர்கள் மனப்பூர்வமாக வரவேற்றார்கள். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. கரும்பலகை அவர்கள் வசமாயிற்று. யார் எப்போது குளிப்பது என்ற அட்டவணையைப் பெரியவர்கள் எழுதச் சொன்ன இடத்தில், ஓரத்தில் சாக்கட்டியால் தினம் ஒரு பூக்களம் வரைந்தார்கள். அத்தம் பிறந்ததிலிருந்து பத்து நாள் முற்றத்தில் பூவிட்டு வளர்க்க வேண்டிய கோலம் அது. முகாமில் சாக்கட்டிக்குத் தட்டுப்பாடு இல்லை.

அதே வகுப்பறையின் எதிர் மூலையில் வீட்டுக்காரரின் அண்ணன் மாமியார் குடும்பம் இடம் பிடித்திருந்தது. அண்ணனோடு பேச்சு நின்று நான்கு வருடம்; கிணறு யார் பாகம் என்பதில் தொடங்கிய வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. அண்ணன் வீடு குன்றின் மேல், தண்ணீர் தொடவில்லை. எட்டுக் குடும்பம் உறங்கும் அறையில் விரோதத்தைப் பாதுகாப்பது கடினம். மூன்றாம் நாள் அந்த மூலையிலிருந்து அச்சம்மாவுக்கு ஒரு போர்வை வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. போர்வையை மடித்துத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ஓணத்துக்கு மூன்று நாள் முன்னால் பக்ரீத் வந்தது. பறவூரிலிருந்து அதிக தூரமில்லாத மாளாவுக்கு அருகே, கொச்சுக்கடவில், பள்ளிவாசலுக்குள் தண்ணீர் நின்றதால் பெருநாள் தொழுகைக்கு இடமில்லை. அங்கிருந்த கோயில் ஒன்று தன் கூடத்தைத் திறந்துவிட்டது. அந்தச் செய்தி முகாம்களைச் சுற்றி வந்தபோது, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் பலரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் இரண்டு முறை சொன்னார்கள்.

மருமகளின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் நெசவாளி. சேந்தமங்கலத்தின் கைத்தறி, பாலியம் குடும்பத்தார் வரவழைத்துக் குடியேற்றிய தேவாங்கச் செட்டியார்களோடு வந்தது என்பது மரபு. பின்னர் பல சமூகத்தாரும் அந்தத் தொழிலைக் கற்றார்கள். இன்று ஊரைச் சுற்றியுள்ள கூட்டுறவுச் சங்கங்களில் நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சாயமிடாத இளமஞ்சள் வெண்மையில், ஓரத்தில் கசவோ, மெல்லிய கறுப்பு இழையோடும் ‘புளியிலைக்கர’யோ வைத்த வேட்டி, செட்டு முண்டு, சேலை ஆகியவை இந்த ஊரின் அடையாளம், புவிசார் குறியீடும் பெற்றவை. ஆண்டு முழுவதும் நெய்வது ஓணச் சந்தைக்காகத்தான். மலையாளி ஒருவர் வருடத்தில் ஒரே ஒரு கைத்தறித் துணி வாங்குவதாக இருந்தால் அதை ‘ஓணக்கோடி’யாகத்தான் வாங்குவார்.

எனவே ஆகஸ்ட் மாதத்தில்தான் சங்கங்களின் அலமாரிகள் நிறைந்திருக்கும். 2018இலும் நிறைந்திருந்தன. தண்ணீர் அந்த நேரம் பார்த்து வந்தது. தறிகள் மூழ்கின, நூல் மூழ்கியது, விலைச்சீட்டு ஒட்டித் தயாராக இருந்த துணி மூழ்கியது. வேறெந்தத் துணியும் சேற்றை ஓரளவு மறைக்கும். இந்த வெண்மை மறைக்காது. தமிழில் துணிக்கும் கரை உண்டு, ஆற்றுக்கும் கரை உண்டு. எழுத்து ஒன்று மாறினால் கறை. அந்த ஆகஸ்டில் ஆறு தன் கரையைத் தாண்டியது. துணியின் கரை வரை கறை ஏறியது. கரிம்பாடம் சங்கத்தில் மட்டும் இருபது லட்ச ரூபாய்க்கு மேல் சரக்கு பாழானது. மருமகள் நெய்து கொடுத்த சேலைகளும் அந்தக் குவியலில் எங்கோ கிடந்தன. கூலி பாக்கியும் அங்கேதான் இருந்தது.

உத்திராடத்தன்று கேரளத்தில் கடைத்தெருக்கள் தள்ளாடும். மறுநாள் விருந்துக்குக் காய்கறி, துணி, பூ என்று கடைசி நேரத்தில் ஓடும் ஓட்டத்துக்கு ‘உத்திராடப் பாய்ச்சல்’ என்றே பெயர். தோவாளையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பூவும் காயும் லாரி லாரியாக மலையிறங்கும் நாட்கள் அவை. அந்த வருடத்துப் பாய்ச்சல் வாளியோடும் துடைப்பத்தோடும் நடந்தது. எங்கிருந்தோ வேனில் வந்து இறங்கிய கல்லூரிப் பிள்ளைகள் ஆறேழு பேர், பெயர்கூடச் சொல்லாமல், மண்வெட்டியால் சேற்றை வாரி வெளியே கொட்டினார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் ஒரு மாத்திரை என்று சுகாதார ஊழியர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். முற்றத்துக் கொடியில் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, நிலப் பத்திரம், கல்யாணப் புகைப்படம் எல்லாம் கிளிப் போட்டு உலர்ந்துகொண்டிருந்தன. புகைப்படத்தில் மாப்பிள்ளையின் முகம் கரைந்து போயிருந்தது. பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் மருமகள் அன்று முதல் முறையாகச் சிரித்தார். “நல்லவேளை, மீசை இல்லாத காலத்துப் படம்” என்றார் வீட்டுக்காரர்.

மாலையில் அச்சம்மா பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். வாரிக் கொட்டிய சேற்றுக் குவியலின் அடியிலிருந்து, கல்லும் குப்பையும் இல்லாத வழுவழுப்பான மண்ணாகப் பார்த்து ஒரு சட்டி எடுத்து வர வேண்டும். ஓணத்துக்குப் பூக்களத்தின் நடுவே வைப்பது திருக்காக்கரையப்பன்: நான்கு பக்கமும் சரிந்து உச்சி கூம்பிய களிமண் உரு. வழக்கமாகக் கடையில் வாங்குவார்கள். அதற்கு முந்தைய தலைமுறை வயல் மண்ணில் தானே செய்துகொண்டது. அச்சம்மாவின் கை மறக்கவில்லை. “ஆறு மலையிலிருந்து கொண்டுவந்து வாசலில் போட்ட மண், இதைவிட நல்ல மண் காசு கொடுத்தாலும் கிடைக்காது” என்றார். மருமகள் பதில் சொல்லவில்லை. ஆனால் பிசைவதற்குத் தண்ணீர் அவர்தான் ஊற்றினார்.

பூ எங்கே? தும்பையும் முக்குற்றியும் சேற்றுக்கு அடியில் அழுகிக் கிடந்தன. கோட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த செம்பருத்தி மட்டும் பிழைத்திருந்தது. பக்கத்து வேலியில் இட்லிப் பூ கொஞ்சம். மீதி இடத்தைக் குரோட்டன் இலைகளைக் கிள்ளி நிரப்பினாள் மூத்தவள். திருவோணத்தன்று காலையில், ஈரம் காயாத முற்றத்தில், ஒரு தாம்பாளத்தைவிடச் சற்றுப் பெரிய பூக்களம். நடுவே மூன்று மண் உருக்கள், அரிசி மாவு பூசி. ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது இளையவனின் கைவேலை.

ஓணத்தின் கதையைத் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் காலத்தில் மதுரையிலேயே ஓண நாள் கொண்டாடப்பட்டது. நாட்டையெல்லாம் மூன்றடிக்குத் தானம் கொடுத்துவிட்டுப் பாதாளம் போன மாவலிக்கு, வருடத்தில் ஒரு நாள் தன் மண்ணைப் பார்த்துவிட்டுப் போக அனுமதி. கேரளம் அதைச் செழிப்பின் விழாவாகத்தான் கொண்டாடுகிறது. மாவலி ஆண்ட காலத்தில் எல்லோரும் சமம், யாருக்கும் குறையில்லை என்று. ஆனால் கதையின் அடியில் இருப்பது, எல்லாம் இழந்தவர் ஒருவர் வீடு திரும்பும் நாள். மற்ற வருடங்களில் வாசலில் விளக்கேற்றி அவருக்காகக் காத்திருந்தவர்கள், 2018இல் அவரோடு சேர்ந்து தாங்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்ப முடியாத லட்சக்கணக்கானோருக்குப் பல முகாம்களிலேயே ஓண விருந்து பரிமாறப்பட்டது.

அந்த வீட்டின் விருந்தில் இருபது கூட்டு இல்லை. நிவாரணப் பையில் வந்த அரிசி, பருப்பு, பப்படம்; முகாமில் தெரிந்தவர் கொடுத்த ஒரு கீற்றுப் பூசணியில் எரிசேரி. வெல்லம் வாங்கிப் பாயசம் வைத்தார்கள். வாழைகளெல்லாம் ஆற்றோடு போய்விட்டதால் இலை கிடையாது. எவர்சில்வர் தட்டு போதும் என்று தீர்மானித்திருந்தார்கள். சாப்பிட உட்காரும் நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. குன்றின் மேலிருந்து அண்ணன். கையில் ஒரு கட்டு வாழையிலை, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் உப்பேரி, காகிதத்தில் சுற்றிய ஒரு முண்டு. முண்டு அச்சம்மாவுக்கு ஓணக்கோடி. தம்பியைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்: “மோட்டாரைக் கழற்றி வெயிலில் வை, நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்.” எந்தக் கிணற்றுக்காக வழக்கோ, அந்தக் கிணற்றின் மோட்டார்.

பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை. முகாமுக்கு வந்த நன்கொடை மூட்டையிலிருந்து இளையவனுக்குக் கிடைத்த சட்டை முழங்கால் வரை தொங்கியது. அதன் முதுகில் யாரோ ஒரு கால்பந்து வீரரின் எண். மதியம் முழுவதும் அவன் அதைக் கழற்றவில்லை. அச்சம்மா புது முண்டை உடனே உடுத்திக்கொண்டார். சேற்றில் நடப்பதற்கு வெள்ளை உடுத்துவது புத்தியா என்று மருமகள் கேட்டதற்கு, “ஓணத்துக்குத்தானே மோளே, நாளைக்கு அழுக்காகட்டும்” என்றார்.

பள்ளிகள் ஆகஸ்ட் 29இல் திறந்தன. வழக்கு அதன் பிறகும் நடந்தது. ஆனால் வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

சங்கத்தில் குவிந்து கிடந்த கறைத் துணிகளை எரித்துவிடுவது என்றுதான் முதலில் பேச்சு. அப்போதுதான் லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் ஒரு யோசனையோடு வந்தார்கள். துணியைக் குளோரின் போட்டு அலசி, கொதிக்கவைத்து, போகாத கறையோடு அப்படியே துண்டு துண்டாக வெட்டிச் சிறு பொம்மைகளாகக் கட்டுவது. பெயர் ‘சேக்குட்டி’. சேற்றைத் தாண்டிப் பிழைத்த குட்டி என்று பொருள் சொன்னார்கள். மலையாளத்திலும் சேறு சேறுதான். 1,300 முதல் 1,500 ரூபாய் வரை விலைபோகக்கூடிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய். ஆக, பாழாய்ப்போன சேலை 9,000 ரூபாய் ஈட்டியது. பல ஊர்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். பணம் நெசவாளர்களுக்கு வந்தது. ஒரு பொம்மை போல் இன்னொன்று இருக்காது; கறை விழுந்த விதம் அப்படி. பையில், காரில், கதவில் தொங்கிய அந்த விரல் நீளப் பொம்மைகள் சேந்தமங்கலத்தின் பெயரை, அதன் வேட்டிகள் போகாத ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோயின.

கேரளத்துக்கு அதன் பிறகும் எளிதான ஓணங்கள் வரிசையாக வந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில் மீண்டும் வெள்ளம். 2020இல் கொரோனா, திருவோணம் முகக்கவசத்தோடு வந்து போனது. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்கடியில் போயின. அந்த ஆண்டும் அரசு ஓண வார விழாவைக் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் ‘இந்த வருடம் வேண்டாமே’ என்று ஒரு குரல் எழுவதும், உத்திராடத்தன்று யாராவது ஒரு பாட்டி பூ எங்கே என்று கேட்பதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு குரலும் நியாயமானவை. இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகின்றன.

ஆலுவா ரயில் நிலையத்தில் இறங்கினால் பறவூருக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து சேந்தமங்கலம் பக்கம். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் போவது நல்லது. சங்கக் கட்டடங்களிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். அரண்மனையும் யூதர் கூடமும் பார்க்க அரை நாள் போதும். துணி எடுக்கக் கூடுதல் நேரம் வேண்டும். வெண்மையில் இத்தனை வகை உண்டு என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வீட்டுக்கு வெள்ளம் வடிந்த மறுவருடமே வெள்ளையடித்துவிட்டார்கள். உள்ளறை வாசல் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தூரிகை போகவில்லை. பழுப்புக் கோடு அங்கே அப்படியே இருக்கிறது. அச்சம்மாவின் உத்தரவு. இளையவன் ஒவ்வொரு ஓணத்துக்கும் அதன் பக்கத்தில் நின்று தன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வந்தான். கோட்டை அவன் தலை தாண்டியதும் பாயசம் இரண்டு வகை வைப்பதாக அவனுடைய அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்.